யார் பக்கம் குறையவில்லை?

"எடுத்துக்கோங்க."

"நீ எடு."

"சமைக்கும்போதே ருசி பாத்து ருசி பாத்து எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு. நீங்க எடுங்க."

"எனக்குப் போதும், நல்லவங்க மகளே. நீ எடு."

சட்டியின் நடுவே இருந்த ஆட்டிறைச்சித் துண்டை ஹம்மு விரல் நுனியால் மனைவியின் பக்கம் தள்ளினார். இத்தோ அதை ரொட்டி ஓரத்தால் அவர் பக்கமே திருப்பினாள். துண்டு குழம்பில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய், இன்னொரு கோடு இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, கடைசியில் கிளம்பின இடத்திலேயே ஆலிவ் காய்களுக்கு நடுவே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்தது.

ஹம்மு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

இத்தோ சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையூரான அஸ்ருவில் எந்த வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் சாப்பிட ஒரே சட்டிதான். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. காய்களை ஓரத்திலிருந்து ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். இறைச்சி கடைசியில், அதுவும் இன்னொருவர் கையால் நம் பக்கம் வந்தால்தான். தானே கை நீட்டி எடுப்பவனை ஊரில் யாரும் மறுபடி விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். மகள் தூதா கல்யாணமாகித் தாஞ்சியருக்குப் போன பிறகு சட்டிக்கு இரண்டே கரை. ஒரு கரையில் அவர், எதிர்க்கரையில் இவள்.

அவர் கரை குறையவே இல்லை.

இதே ஹம்முதான் போன குளிர்காலம் வரை சட்டியை ரொட்டியால் துடைத்துத் துடைத்து, "கழுவற வேலைய உனக்கு மிச்சம் பண்ணிட்டேன்" என்று சிரித்தவர். இந்த வருஷத்து முதல் பனி விழுந்ததிலிருந்து நாலு வாய், அதற்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் மட்டும் ஒட்டகம் மாதிரி குடிக்கிறார்.

வேறு வீடாக இருந்தால் அவளும் பேசாமல் விட்டிருப்பாள். ஆனால் ஹம்முவின் அண்ணன் மொஹாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவரும் இறைச்சியை எல்லோர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தார். "என்ன தாராள மனசு" என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். வயிற்றில் இருந்தது என்னவென்று தெரிந்தபோது கத்தி வைக்கக்கூட நேரம் மிச்சமில்லை. செர்ரி பழுக்கிற காலத்தில் அடக்கம் செய்தார்கள்.

இத்தோ மிச்சத்தை வழித்துப் பூனைக்குப் போட்டாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டை நக்கிவிட்டு, வாளித் தண்ணீரைத் தேடிப் போனது.

மறுநாள் காலையில் மொஹாவின் விதவை ரப்ஹா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"என்ன இத்தோ, முகம் இப்படிச் சுண்டைக்காயாட்டம் இருக்கு?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். உன் கொழுந்தன்தான் சாப்பிட மாட்டேங்கறாரு."

"ஹம்முவா! அந்த வாய்க்கா பசியில்ல?" ரப்ஹா தலையணைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டாள். "கண்ணு பட்டிருக்கும். வண்டிக்குப் புது சீட்டு உறை போட்டாரே, அன்னிக்கே நெனச்சேன். ஸ்டாண்டுல அத்தனை டிரைவரும் வயிறெரிஞ்சு பாத்திருப்பாங்க."

"சீட்டு உறைக்கா பசி போகும்?"

"பல்லு ஆடுதா?"

"வால்நட்ட பல்லாலேயே உடைக்கறாரு."

"பொண்ணு போன ஏக்கம். ஆம்பளைங்க அழ மாட்டாங்க, சோத்த விட்டுடுவாங்க."

"தினமும் போன்ல அவகிட்ட அரட்டைதான். போன வாரம் மாப்பிள்ளைக்குப் பாட்டே பாடிக் காட்டினாரு."

"அப்ப..." ரப்ஹா சட்டென்று நிறுத்தினாள். மேசை விரிப்பின் நூலைப் பிய்த்தாள். "இல்ல, ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேனே. அவரு அண்ணனுக்கும் ஆரம்பத்துல தண்ணித் தாகம்தான்... ச்சீ, என் வாயில மண்ணு. இத்தோ, அடுப்புல ஏதோ தீயுது பாரு."

இத்தோ ஓடினாள். வெங்காயம் சட்டியோடு சட்டியாகக் கருகிக் கிடந்தது. சமையலறை முழுக்கப் புகை.

"உன்கூடப் பேசிக்கிட்டே மறந்துட்டேன்" என்றாள் புகையைத் துணியால் விசிறிக்கொண்டே.

"எனக்குத் தெருமுனையிலயே வாசனை வந்துது. உன் வீடுன்னு நெனைக்கல."

ரப்ஹா போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வெந்தயம் குடு. பிள்ளை பெத்தவளுக்கும் அதான், எலும்பாப் போனவனுக்கும் அதான். மொஹாவுக்கு நான் காலம் கடந்து குடுத்தேன். நீ இப்பவே குடு." பிறகு அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். "மோதிரத்துல என்ன நூலு?"

"குளிருல விரலு சுருங்குது. மாவு பிசையும்போது ரெண்டு தடவ கழண்டு மாவுக்குள்ள போயிடுச்சு. நூல் சுத்தி வெச்சேன்."

"ம்" என்றாள் ரப்ஹா. இருவருமே அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை.

மூலிகைக் கடைக்காரர் மௌலூத் எதையும் லேசில் விற்க மாட்டார். விசாரித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

"யாருக்கு, லல்லா?" என்றார், ஊர்ப் பெண்களை அழைக்கும் மரியாதையோடு.

"வீட்டுக்காரருக்கு. பசி எடுக்கல."

"பசி எடுக்கலயா, சாப்பிடப் பிடிக்கலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? பசி வயித்துல இருக்கு. பிடிக்கறது மனசுல இருக்கு. வாய் கசக்குதான்னு கேட்டீங்களா? மலம் ஒழுங்காப் போறாரா? கவலை ஏதும்?"

இத்தோ விழித்தாள். முப்பத்து மூன்று வருஷமாக ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர். இதில் ஒன்றுக்கும் அவளுக்குப் பதில் தெரியவில்லை.

"எல்லாத்துக்கும் சேர்த்து ஏதாவது குடுங்க."

"எல்லாத்துக்கும்னா வெந்தயம்" என்றார் மௌலூத் தோல்வியோடு. பொட்டலம் கட்டியவர், ஒரு கை கூட அள்ளிப் போட்டார். "இது உங்களுக்கு. நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"கூடவே இருக்கறவங்களுக்கும் தெம்பு வேணும் இல்லயா?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் வெந்தயம்தான். ஊறவைத்துக் கொடுத்தாள், அரைத்துக் கொடுத்தாள், ரொட்டி மாவில் பிசைந்தாள், சூப்பில் கலந்தாள். உப்பும் மிளகும் கூடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள். இப்போதெல்லாம் எதைப் போட்டாலும் குழம்பு சப்பென்று இருந்தது. குளிரில் விளைகிற காய்க்கு ருசி ஏது? நாக்கு செத்துப்போன மனிதனுக்குக் கொஞ்சம் சுள்ளென்று இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"பனி கொட்டும்போதும் வண்டியில ஆளுங்க கண்ணாடிய இறக்கிவிடறாங்க" என்றார் ஹம்மு ஒரு மாலை, மேல்கோட்டைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தபடி. அஸ்ருவிலிருந்து மெக்னெஸுக்கு ஓடும் பங்கு டாக்ஸி அவருடையது. ஆறு பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போவார்கள்.

"ஏன், டிக்கியில ஏதாவது செத்துக் கிடக்கா?"

"முன் சீட்டுல உட்கார்ந்த ஒரு மாஸ்டர், 'ஸி ஹம்மு, உங்க வீட்டுல குழந்தை பிறந்திருக்கா'ன்னு கேக்கறாரு."

"குழந்தையா? எதுக்கு அப்படிக் கேட்டாரு?"

ஹம்மு அவளைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கோட்டை மாட்டப் போனார். அன்றும் நாலு வாய்தான், ஒரு சொம்புத் தண்ணீர். இறைச்சி போனது, வந்தது, உறைந்தது.

அன்று படுத்தபோது இத்தோ அவர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாள். சதை அப்படியே இருந்தது. அது அவளை இன்னும் குழப்பியது. மொஹாவுக்குச் சதை முதலில் போனதா, பசி முதலில் போனதா? ரப்ஹாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

மதியத்துக்கு வெறும் வயிற்றோடு இருக்கிறாரோ என்று நினைத்து ஒரு நாள் சோறு கட்டிக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்கே போனாள். அவர் வண்டி நின்றது; அவரைக் காணவில்லை. ஸ்டாண்டுக்கு எதிரே கறி சுடும் கடையின் புகைக்குள் ஒரு பழக்கமான முதுகு தெரிந்தது. இத்தோ ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

ஹம்மு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரை ரொட்டியைப் பிளந்து, சுட்ட கொத்துக்கறியை அடைத்து, கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். முடித்ததும் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். "இன்னொண்ணு போடுப்பா" என்று அவர் சொன்னது தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

அவள் சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி நடந்தாள். வழியில் யாரோ சலாம் சொன்னார்கள். அவள் பதில் சொன்னாளோ என்னவோ.

பசி இருக்கிறது. அப்படியென்றால் நோய் இல்லை. நோய் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் முடியவில்லை? வேறு பொம்பளையா? கறி சுடுகிறவனுக்கு மீசை காதுவரை இருந்தது. அப்படியென்றால் என் கையா? முப்பத்து மூன்று வருஷம் ருசித்த கை இந்தப் பனியில் என்ன ஆயிற்று? நடந்தபடியே பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். சோறு சோறாக இருந்தது. அவ்வளவுதான். நல்லதென்றும் சொல்ல முடியவில்லை, கெட்டதென்றும் சொல்ல முடியவில்லை. ஈரப் பஞ்சை மெல்லுகிற மாதிரி இருந்தது. அதை அவள் தன் கவலையின் கணக்கில் எழுதிவிட்டாள். இத்தனை நாள் புருஷன் சாவைப் பற்றி நினைத்துக்கொண்டே சாப்பிட்டவளுக்குச் சோறு எப்படி இருக்கும்?

சாயங்காலம் அவர் வாசலில் காலை வைத்ததுமே கேட்டாள்.

"கொத்துக்கறி நல்லா இருந்துச்சா?"

ஹம்மு ஒரு செருப்போடு நின்றார். "எந்தக் கொத்துக்கறி?"

"விரல் சப்பின கொத்துக்கறி. என் சாப்பாட்டுல என்ன குறைன்னு சொல்லிட்டு வெளியில போய்ச் சாப்பிடக் கூடாதா? உங்களுக்கு மொஹா மாதிரி ஆயிடுச்சோன்னு நான் ராத்திரியெல்லாம் உங்க முதுகெலும்ப எண்ணிக்கிட்டு கிடக்கறேன்!"

"எனக்கா? மொஹா மாதிரி எனக்கா?" ஹம்முவின் குரல் மாறியது. மற்ற செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "நல்லவங்க மகளே, நீதானே சாப்பிடறதில்ல? உன் பக்கம் குறையவே இல்லன்னு நான்தானே தினமும் இறைச்சியத் தள்ளித் தள்ளிப் பாக்கறேன்!"

"என் பக்கமா?"

"உன் பக்கம்தான்!"

"என் பக்கம் எங்க குறையாம இருந்துச்சு? உங்க பக்கம்தான் குறையல."

"ஒரே சட்டிதானே! எது உன் பக்கம் எது என் பக்கம்னு யாரு வேலி போட்டது?"

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். அது சுத்தமாகத் துடைத்து வெறுமையாக இருந்தது; அதனிடமிருந்து ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

"நாளைக்கு உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள் இத்தோ.

"நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஹம்மு.

டாக்டர் நவால் இளம் வயது. அவள் மேசையில் ஒரு கோப்பைக் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க ஹாஜ், வாங்க ஹாஜ்ஜா. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"இவருக்கு."

"இவளுக்கு."

டாக்டர் இரண்டு முகத்தையும் பார்த்தாள். "ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க."

"டாக்டர் மகளே, நான் இன்னும் மக்காவுக்குப் போகல, ஹாஜ்ஜான்னு கூப்பிட்டு எனக்குப் பாவம் சேர்க்காதே. இவரு வீட்டுல நாலு வாய்க்கு மேல சாப்பிடறதில்ல. கடையில மட்டும் விரல் சப்பறாரு."

"கடையில சாப்பிடறீங்களா ஹாஜ்?"

"சாப்பிடறேன்."

"வீட்டுல ஏன் சாப்பிடல?"

ஹம்மு உத்தரத்தைப் பார்த்தார். பதிலை அங்கே எழுதி வைத்திருந்ததைப் போலப் பார்த்தார். "அல்லாஹ் குடுத்த சோத்தக் குறை சொல்லக் கூடாது."

"குறை சொல்ல வேணாம். எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"தாஞ்சியர்ல பொண்ணு வீட்டுக்குப் போனப்ப கடல்ல குளிச்சேன். அப்ப வாய்க்குள்ள போச்சு பாருங்க..."

"உப்பா?"

"நான் கடல்னுதான் சொன்னேன்."

இத்தோவுக்குக் காது சூடாகியது. "எத்தனை நாளா?"

"பனி விழுந்ததிலேருந்து."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ வேற சாப்பிடறதில்ல. பொண்ணு போன துக்கத்துல இருக்கறவகிட்ட போய் உப்பு ஜாஸ்தின்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு ஒரு துக்கமும் இல்ல! உங்களப் பத்தின கவலைதான்!"

"எனக்கும் உன்னப் பத்தின கவலைதான்!"

"கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க." டாக்டர் கையை உயர்த்தினாள். சிரிப்பை அடக்கியதில் அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. "நீங்க உள்ள வந்ததிலேருந்து கேக்கணும்னு இருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வெந்தய வாசனை உங்க ரெண்டு பேர்ல யாருகிட்டேருந்து வருது?"

"ரெண்டு பேருகிட்டேருந்தும்தான்" என்றார் ஹம்மு. "வண்டிக்கும் வந்துடுச்சு."

"வெந்தய வாசனையா?" இத்தோ கேட்டாள். "இங்கயா?"

அவள் சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்தாள். துணி மூக்கில் உரசியது. வெளியிலிருந்து வந்த குளிர் இன்னும் அதில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஹம்முவின் கோட்டைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். சட்டென்று ஞாபகம் வந்தது: வெங்காயம் கருகியது, வண்டிக் கண்ணாடி, குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்ட மாஸ்டர், வாளியைத் தேடிப் போன பூனை.

"கண்ண மூடுங்கம்மா" என்றாள் டாக்டர்.

மூக்கருகே ஏதோ வந்தது.

"என்ன இது?"

"சூடு" என்றாள் இத்தோ. "ஏதோ சூடா இருக்கு. தண்ணியா?"

கண்ணைத் திறந்தபோது காபிக் கோப்பை அவள் உதட்டைத் தொடும் தூரத்தில் இருந்தது. ஹம்மு தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் டாக்டர் நிறையக் கேட்டாள். பனிக்காலத் தொடக்கத்தில் சளி பிடித்ததா? பிடித்தது, மூக்கடைத்து ஒரு வாரம் படுக்கை. பிரஷர் மாத்திரை எப்போதிலிருந்து? அதுவும் அந்தச் சமயம்தான். மோதிரத்தில் ஏன் நூல்? குளிருக்கு. இடுப்புக் கச்சை முன்னைவிட அதிகச் சுற்று வருகிறதா? இத்தோ இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், வருகிறது. துணி நைந்து தளர்ந்துவிட்டதென்று நினைத்திருந்தாள்.

இருவரையும் எடை மேடையில் ஏற்றினாள். "ஹாஜ், நீங்கதான் கொஞ்சம் குறைக்கணும்." இத்தோ ஏறியபோது ஒன்றும் சொல்லவில்லை, முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்குத்தானா?" இத்தோவின் குரல் சின்னதாக வந்தது. "இவருக்கு வரும்னு பயந்தது எனக்கு வந்திருக்கா?"

"அப்படி நான் சொல்லலையே. மூக்கு போனா நாக்குல பாதி போயிடும். வாசனை இல்லாத சோத்தப் பாத்து வயிறு எழும்பாது. சளி அதச் செஞ்சிருக்கலாம். மாத்திரையும் சிலருக்கு நாக்கக் கெடுக்கும், பசியக் கெடுக்கும். கவலை சும்மாவே கெடுக்கும். ரத்தம் குறைஞ்சாலும் பசிக்காது. தைராய்டு இருக்கு, வயிறு இருக்கு. எதையும் பாக்காம ஒதுக்க மாட்டேன்."

"எது முதல்ல வந்துது? நான் சாப்பிடாததா, இவரு சாப்பிடாததா, உப்பா, கவலையா?"

"தெரியலம்மா" என்றாள் டாக்டர் மறைக்காமல். "ரத்தம் எடுப்போம். பிரஷருக்கு வேற மாத்திரை தர்றேன். ரெண்டு பேரும் தனித்தனித் தட்டுல சாப்பிடுங்க. யாரு எவ்வளவு சாப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியணும். உப்பு ஹாஜ் கையால."

தெருவுக்கு வந்ததும் இத்தோ வெடித்தாள். "தனித்தட்டா? நாம என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்? இல்ல ஹோட்டல் நடத்தறோமா? ரப்ஹா பாத்தா விவாகரத்து ஆயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவா."

"கதவத் தாழ் போட்டுக்கலாம்" என்றார் ஹம்மு.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். கல்யாணச் சீராக வந்து அலமாரியிலேயே தூங்கிய பீங்கான் தட்டுகள் இரண்டை இத்தோ எடுத்துத் துடைத்தாள். ஹம்மு உப்பு டப்பாவைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, எண்ணெய் அளக்கிறவன் மாதிரி இரண்டு விரலால் கிள்ளிப் போட்டார். இரண்டு தட்டிலும் ஒரே அளவு பரிமாறினார்கள். கோடு கிழித்த மாதிரி மேசை பிரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. பெண் பார்க்க வந்த நாளில்கூட இப்படி இல்லை.

சாப்பிட்டார்கள். இத்தோ சாப்பிட்டாள், நன்றாகவே சாப்பிட்டாள், வழக்கம் போல. மென்றாள், விழுங்கினாள், பேசினாள், போதுமென்று தோன்றியதும் கையை எடுத்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள்.

எதிர்த்தட்டு வழித்துத் துடைத்து வெள்ளையாக இருந்தது. அவளுடைய தட்டில் ஓரத்தில் மட்டும் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். மற்றதெல்லாம் பரிமாறினபடியே இருந்தது.

"நான் சாப்பிட்டேனே" என்றாள்.

ஹம்மு உப்பு டப்பாவை மூடினார்.

"சாப்பிட்டேன். சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு." அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பள்ளம் வேறு பக்கம் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறவள் போல. "எனக்குக் கடைசியா எப்ப பசிச்சுது? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"உன் பசி எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியணும். இத்தனை வருஷம் என்கூடச் சாப்பிட்டீங்களே."

ஹம்மு தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். தன் சுத்தமான தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. அதையும் வாங்கிக்கொண்டாள். ஈரப் பஞ்சுதான். மென்றுகொண்டே அழுதாள்; கண்ணீர் உப்பாக இருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இருவரும் ஏதோ விருந்தாளி வீட்டில் இருப்பவர்கள் போல மெதுவாக நடமாடினார்கள். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று வந்தது, மற்றதெல்லாம் சரி. மெக்னெஸில் வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். அங்கே பயப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹம்மு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

"அப்ப எது காரணம், டாக்டர் மகளே?" என்று ஊர் திரும்பியதும் இத்தோ நவாலிடம் கேட்டாள்.

"மூக்குன்னுதான் தோணுது. மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். கவலை மேல கொஞ்சம் ஊதிவிட்டிருக்கும். எல்லாம் சேர்ந்துதான்மா. மூக்கு திரும்பலாம். மெதுவாத் திரும்பும். திரும்பாமலும் போகலாம். பசி கூப்பிடற வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரமானா சாப்பிடுங்க."

நேரமானால் சாப்பிட்டாள். பாங்கு கேட்டால் தொழுகைக்கு எழுவது போல எழுந்து சாப்பிட்டாள். காலையில் கிராம்பு, ஆரஞ்சுத் தோல், புதினா என்று ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொன்ன பயிற்சி. பெயர்கள் வந்தன, வாசனை வரவில்லை. வெந்தய மிச்சத்தை ரப்ஹாவிடம் கொடுத்தாள். "எனக்கு எதுக்கு? எனக்குத்தான் நல்லாப் பசிக்குதே!" என்று ரப்ஹா கோபித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறான ஒரு நாள், ஹம்மு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இத்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க இது? டயர் எரியற மாதிரி?"

"எது டயர்?"

"இதுதான். காபி. ச்சீ. இல்ல, உங்க வண்டியில பிரேக்கு எரியுதா?"

ஹம்மு கோப்பையை முகர்ந்தார். ஜன்னலைத் திறந்து வண்டியைப் பார்த்தார். திரும்பி வந்து அவளையே பார்த்தார். "டயர் மாதிரியா? நெசமாவா? இன்னொரு தடவ முகந்து பாரு."

"அந்த நாத்தத்த இன்னொரு தடவையா? உங்களுக்குப் பைத்தியமா?"

"முகந்து பாரு, என் தங்கமே."

முகர்ந்தாள். டயர்தான். நாறியது. காபி ஏன் டயர் மாதிரி நாற வேண்டும்? டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டதற்கு அவள் அந்தப் பக்கம் கைதட்டினாள்: மூக்கு வழி தெரியாமல் தடுமாறிக்கொண்டு வீட்டுக்கு வருகிறதாம். நல்லது நடப்பதற்கு இப்படி நாற வேண்டுமா என்று இத்தோவுக்கு விளங்கவில்லை.

அன்று மதியம் அவள் பீங்கான் தட்டுகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். மேசை நடுவே சட்டியை வைத்தாள். ஹம்மு ரொட்டியைப் பிய்த்து வைத்தார். ஓரத்திலிருந்து காயை வழித்துக்கொண்டு இருவரும் நடுவுக்கு வந்தார்கள். அவர் கொஞ்சம் வேகமாக வந்தார், அவள் மெதுவாக.

"பசிக்குதா?" என்றார்.

இத்தோ யோசித்தாள். வயிற்றில் என்னவோ இருந்தது. பசியா, பயம் போன வெறுமையா, காபி நாற்றத்தின் குமட்டலா? பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலயே" என்றாள்.

ஹம்மு இறைச்சித் துண்டை அவள் பக்கம் தள்ளினார். அது குழம்பில் கோடு இழுத்துக்கொண்டு வந்து அவள் விரலருகே நின்றது. ரொட்டியோடு அவள் கை நீண்டது, பாதியில் நின்றது. ஹம்முவும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

அவள் துண்டைத் திருப்பித் தள்ளவில்லை. இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கேட்காத குரலுக்குக் காது கொடுப்பவள் போல.